சட்டத்தின் சந்துகளில் சுழன்ற இசைத்தட்டுகள்

இசைத்தட்டு வணிகத்தில் 'திருட்டுத் தட்டு' என்ற ஒரே பெயரால் சுட்டப்படுவனவற்றுள் மூன்று வேறு வேறு பொருள்கள் கலந்து கிடக்கின்றன. ஒரு நிறுவனம் வெளியிட்ட தட்டை உறை, படம், முத்திரை உட்பட அச்சு அசலாக நகலெடுத்து, அசல் என்றே நம்பவைத்து விற்பது போலித் தட்டு. அதே ஒலியை எடுத்து வேறொரு உறையில், வேறொரு நிறுவனப் பெயரில் அச்சடித்து விற்பது களவுப் பதிப்பு. மூன்றாவதாகிய 'பூட்லெக்' தட்டு தன்மையிலேயே வேறானது. அரங்கில் ஒளித்துவைத்த கருவியால் பதிந்த கச்சேரி, வானொலி நேரலையிலிருந்து பிடித்த பாட்டு, நிறுவனத்தின் அலமாரியிலிருந்து கசிந்த ஒலிநாடா என்று, எந்த நிறுவனமும் அதுவரை வெளியிட்டிராத ஒலியை அது தாங்கி வருகிறது. முதலிரண்டும் நிறுவனத்தின் சரக்கோடு போட்டியிடுகின்றன. மூன்றாவது, நிறுவனம் விற்க மறுத்ததையோ விற்கத் தோன்றாததையோ விற்கிறது. இத்தட்டுகள் தோன்றியதற்கு ரசிகரின் தணியாத ஆர்வமே காரணம் என்று சொல்வது வழக்கம். ஆனால் ஆர்வம் எல்லாக் காலத்திலும் எல்லா ஊர்களிலும் இருந்திருக்கிறது. குறிப்பிட்ட சில ஆண்டுகளில், குறிப்பிட்ட சில ஊர்களில் மட்டும் இத்தட்டுகள் ஏன் குவிந்தன என்ற கேள்விக்கு அது விடையாகாது. கையடக்கமான புதிய பதிவுக்கருவியும் சட்டத்தில் அடைபடாத ஓர் ஓட்டையும் ஒரே காலத்தில் கூடிவந்த இடங்களிலேயே அவை பெருகின என்பதை அவற்றின் வரலாறு மீண்டும் மீண்டும் காட்டுகிறது.

அந்த வரலாற்றின் தொடக்கத்தைத் தேடுவோர் பெரும்பாலும் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபரா அரங்கையே வந்தடைகின்றனர். அங்கு இசைப்பிரதிகளைக் காக்கும் நூலகராகப் பணியாற்றிய லயனல் மேபிள்சன், எடிசன் நிறுவனத்தின் வீட்டு ஃபோனோகிராஃப் ஒன்றை 1900இல் வாங்கினார். மெழுகு உருளையின் மேல் ஊசி கீறி ஒலியைப் பதியும் அக்கருவிக்கு மின்சாரமும் இல்லை, ஒலிவாங்கியும் இல்லை. ஒலியைத் திரட்டித் தருவதற்கு ஒரு பெரிய கூம்புக் குழாய் மட்டுமே இருந்தது. 1901 முதல் 1903 வரை அவர் நிகழ்ச்சிகள் நடந்துகொண்டிருக்கும்போதே பதிந்தார். முதலில் பாடகர்களுக்கு அடியெடுத்துக் கொடுப்பவர் அமரும் மேடையோரப் பொந்திலும், பின்னர் மேடைக்கு நேர் மேலே, திரைகளை ஏற்றி இறக்கும் பணியாளர் நடக்கும் உயரமான பாலத்திலும் கருவியை வைத்திருந்தார். ஓர் உருளை இரண்டு மூன்று நிமிடங்களுக்குமேல் கொள்ளாது என்பதால், இன்று எஞ்சியிருப்பவை ஏதோவொரு அடியின் நடுவில் தொடங்கிக் கைத்தட்டலில் அறுந்துபோகும் துண்டுகளே. இரைச்சலுக்கு அடியில் மங்கலாகவே கேட்கும் அந்தத் துண்டுகளைவிட்டால், அக்காலத்தின் பெரும்புகழ் பெற்ற ஆண்குரலாகிய ழான் டெ ரெஸ்கேயைக் கேட்க வேறு வழியில்லை. மேபிள்சன் விற்பனைக்காகப் பதியவில்லை. நியூயார்க் பொது நூலகம் அவ்வுருளைகளை ஆறு தட்டுகள் கொண்ட தொகுப்பாக முறைப்படி வெளியிட்டது 1985இல்தான். எனவே அவரைப் பூட்லெக் வணிகத்தின் முன்னோர் என்று அழைப்பதில் சிறிது மிகையுண்டு. கச்சேரி முடிந்ததும் காற்றோடு போய்விடும் என்ற நியதியை மீறலாம் என்று காட்டியவர் என்பதே பொருத்தம்.

1930களில் அரக்குப் பூசிய அலுமினியத் தட்டில் நேரடியாக ஒலியைக் கீறும் கருவிகள் தனியார் கைக்கு வந்தபோது, ஜாஸ் இசையின் ரசிகர்கள் அதை முதலில் பயன்படுத்திக்கொண்டனர். கொலம்பியா பல்கலைக்கழக மாணவரான ஜெர்ரி நியூமன் 1941இல் ஹார்லெமின் மின்டன்ஸ் விடுதிக்கு அத்தகைய கருவியைச் சுமந்து சென்று பதிந்ததால்தான், பீபாப் என்னும் புதிய பாணி உருவாகிக்கொண்டிருந்த இரவுகளில் கிட்டார் கலைஞர் சார்லி கிறிஸ்டியன் வாசித்தது காதுக்கு எஞ்சியிருக்கிறது. டீன் பெனடெட்டி இன்னும் விசித்திரமானவர். தாமே சாக்ஸஃபோன் வாசிப்பவரான அவர், 1947 மார்ச்சில் லாஸ் ஏஞ்சலிஸின் ஹை-டி-ஹோ விடுதியில் சார்லி பார்க்கரைப் பதியத் தொடங்கினார். பார்க்கர் தனித்து வாசிக்கும் பகுதிகளுக்காக மட்டும் கருவியை ஓட்டி, பிறர் வாசிக்கத் தொடங்கியதும் நிறுத்திவிடுவார். தட்டு விலையுயர்ந்தது, ஒரு மேதையின் மூச்சு தவிர வேறெதையும் அதில் வீணாக்க அவருக்கு மனமில்லை. அடுத்த ஆண்டு நியூயார்க்கில் அவர் ஒலிநாடாவுக்கு மாறியபின்னும் அதே சிக்கனத்தைக் கடைப்பிடித்தார். தொலைந்துபோனதாகவே பல பத்தாண்டுகள் கருதப்பட்ட அப்பதிவுகளை மொசெயிக் நிறுவனம் 1990இல் ஏழு குறுந்தட்டுகளாக வெளியிட்டது.

பதிவு வணிகமாக மாறிய கட்டத்தில் மீண்டும் மெட்ரோபாலிட்டன் ஓபராவே மையமாகிறது. 1940களின் இறுதியில் அந்த அரங்கு, இசைத்தட்டு வெளியிடும் தனியுரிமையைக் கொலம்பியா நிறுவனத்துக்கும் ஒலிபரப்பும் உரிமையை ஏ.பி.சி. வானொலிக்கும் கொடுத்திருந்தது. வாக்னர்-நிக்கல்ஸ் என்ற சிறு நிறுவனம் அந்த ஒலிபரப்பை வானொலிப் பெட்டியிலிருந்தே பதிந்து, கேட்டவர்க்கெல்லாம் தட்டாக விற்றது. அரங்கு வழக்குத் தொடுத்தபோது எழுந்த சிக்கல் எளிதானதன்று. காற்றில் பரவிவிட்ட ஒலியின்மேல் எவருக்கும் எழுதப்பட்ட உரிமை எதுவும் அன்றைய கூட்டாட்சிச் சட்டத்தில் இல்லை. நியூயார்க் நீதிமன்றம் 1950இல் அளித்த தீர்ப்பு, பதிப்புரிமையைத் தொடாமல் 'முறையற்ற போட்டி' என்ற பொதுநெறியைத் துணைக்கொண்டு தடை விதித்தது. பிறர் பொருள் செலவிட்டு உருவாக்கியதன் பயனை இன்னொருவர் நோகாமல் அள்ளிக்கொள்ளக் கூடாது என்பதே அதன் சாரம்.

தீர்ப்பு வந்தபின் இவ்வணிகம் நிற்கவில்லை, உருமாறியது. எட்வர்டு ஜே. ஸ்மித் என்பவர் 1956 முதல் 1971 வரை 'ஓபராவின் பொற்காலம்' என்ற பொருள்படும் வரிசையில் நானூறுக்கும் மேற்பட்ட தட்டுகளை, கடைகளுக்கு அனுப்பாமல், பெயர் பதிந்துகொண்ட வாடிக்கையாளருக்கு அஞ்சலில் அனுப்பினார். தட்டின் நடுச்சீட்டில் 'தனிப்பட்ட பதிவு, விற்பனைக்கன்று' என்ற வாசகம் அச்சிடப்பட்டிருக்கும். விலை கொடுத்து வாங்கியவர் கையில் அதைப் படிக்கும்போது அதன் பாசாங்கு தெளிவாகவே தெரிந்திருக்கும். அரிய குரல்களைக் காத்தவர் என்று அவரைப் போற்றுவோர் உண்டு. பாடகர் பெயரையும் நாளையும் துணிந்து மாற்றி எழுதியவர் என்பதும் உண்மை. இத்துறையில் பெயர்மாற்றம் எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு 1954இல் அலெக்ரோ நிறுவனம் மலிவு விலையில் கொண்டுவந்த வாக்னரின் 'ரிங்' தொடரே சான்று. டிரெஸ்டன் ஓபரா குழுவை 'ஃப்ரிட்ஸ் ஷ்ரைபர்' என்பவர் நடத்தியதாக உறை சொன்னது. உண்மையில் அது 1953ஆம் ஆண்டு பைராய்ட் விழாவில் யோசஃப் கைல்பெர்ட் நடத்திய நிகழ்ச்சியின் வானொலிப் பதிவு. அவ்விழாவில் பாடிய ரெஜினா ரெஸ்னிக் தட்டில் ஒலித்த தம் குரலைத் தாமே அடையாளம் கண்டுகொண்டார். தொடர் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது.

1969இல் கலிஃபோர்னியாவில் நடந்ததைப் புரிந்துகொள்ள, அமெரிக்கச் சட்டத்தில் இருந்த பழைய இடைவெளி ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். தானியங்கிப் பியானோவில் ஓடும் துளையிட்ட காகிதச் சுருள், பாட்டின் 'படி' ஆகாது என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் 1908இல் கூறியது. அதைச் சரிசெய்ய வந்த 1909ஆம் ஆண்டுச் சட்டம், இசையமைப்பாளருக்கு ஒவ்வொரு தட்டுக்கும் பாட்டுக்கு இரண்டு சென்ட் என்ற கட்டாய உரிமத் தொகையை வகுத்ததே தவிர, தட்டில் பதிந்த ஒலிக்கென்றும் அதைப் பாடியவருக்கென்றும் எந்த உரிமையும் தரவில்லை. ஆகவே அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே பாட்டுக்கு உடைமையாளர் இருந்தார். பாடப்பட்ட ஒலி, கூட்டாட்சிச் சட்டத்தைப் பொறுத்தவரை, உடைமையாளர் அற்றதாகவே இருந்தது. பிரிட்டனில் நிலைமை வேறு. நிகழ்த்துநரின் இசைவின்றி அவர் நிகழ்ச்சியைத் தட்டாகப் பதிவதை 1925ஆம் ஆண்டுச் சட்டமே குற்றமாக்கியிருந்தது. ராக் இசையின் பூட்லெக் வணிகம் லண்டனில் தொடங்காமல், தனியார் ஆணைக்குத் தட்டு அச்சடித்துக் கொடுக்கும் சிறு ஆலைகள் நிறைந்த லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கியது தற்செயலன்று.

1969 கோடையில் அந்நகரின் கடைகளில் வெற்று வெள்ளை உறையில் இரட்டைத் தட்டு ஒன்று தோன்றியது. உறையில் பாடகர் பெயர் இல்லை, நிறுவனப் பெயர் இல்லை. இரு இளைஞர்கள் அச்சடித்த அத்தட்டு 'கிரேட் ஒயிட் ஒண்டர்' என்ற பெயரால் அறியப்படலாயிற்று. பாப் டிலன் 1961 டிசம்பரில் மினியாபொலிஸில் நண்பர்கள் நடுவே பாடியவை, 1967இல் நியூயார்க் மாநிலத்து வீடொன்றின் நிலவறையில் பின்னர் 'தி பேண்ட்' என்று புகழ்பெற்ற குழுவோடு பதிந்தவை, ஜானி கேஷின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பாடியது என்று கிடைத்ததெல்லாம் அதில் சேர்க்கப்பட்டிருந்தன. ராக் உலகின் முதல் பூட்லெக் என்று கொள்ளப்படும் இது, உண்மையில் கச்சேரித் தட்டன்று. கச்சேரித் தட்டு என்ற வகை உறுதிப்பட்டது அதே ஆண்டின் இறுதியில் வந்த 'லைவர் தேன் யூவில் எவர் பீ' என்னும் தட்டால்தான்.

ரோலிங் ஸ்டோன்ஸ் குழு மூன்று ஆண்டுகளுக்குப்பின் அமெரிக்காவில் மேடையேறி, 1969 நவம்பர் 9 அன்று ஓக்லண்டில் நடத்திய நிகழ்ச்சியே அதன் உள்ளடக்கம். பார்வையாளர் பகுதியிலிருந்து, எதிரே வரும் ஒலியை மட்டும் கூர்மையாகப் பற்றும் நீண்ட குழல்வடிவ சென்ஹைசர் ஒலிவாங்கியாலும், தோளில் மாட்டிக்கொள்ளத்தக்க ஊஹர் ஒலிநாடாக் கருவியாலும் அது பதியப்பட்டது. ஊஹர் கருவி ஐந்து அங்குலச் சுருளையே ஏற்கும். தரமான வேகத்தில் ஓடவிட்டால் ஒரு சுருள் அரைமணி நேரத்துக்கும் குறைவாகவே வரும் என்பதால், இருட்டில் சுருள் மாற்றுவது இவ்வகைப் பதிவாளரின் இன்றியமையாத திறமையாயிற்று. நிகழ்ச்சி முடிந்த சில வாரங்களிலேயே தட்டு கடைக்கு வந்துவிட்டது; ரோலிங் ஸ்டோன் இதழில் கிரெய்ல் மார்கஸ் அதைப் பாராட்டி எழுதினார். அக்குழுவின் நிறுவனம் 1966இல் வெளியிட்ட 'காட் லைவ் இஃப் யூ வான்ட் இட்' என்ற மேடைத் தட்டில், பதிவுக்கூடத்தில் பாடிய இரு பாட்டுகளின்மேல் கூட்டத்தின் கூச்சலைப் பூசி நேரலை என்று விற்றிருந்தனர். அந்த நிலையில் எது போலி என்று கேட்டால், சட்டப்படியான தட்டின் பக்கம் விரல் நீட்ட வேண்டியிருக்கும்.

நிறுவனங்கள் விரைவிலேயே விழித்துக்கொண்டன. ஸ்டோன்ஸின் அதே பயணத்திலிருந்து பெரும்பாலும் நியூயார்க் நிகழ்ச்சிகளைக் கொண்டு 'கெட் யெர் யா-யாஸ் அவுட்' 1970 செப்டம்பரில் வந்தது. தி ஹூ குழு இன்னும் நுட்பமாகச் செயல்பட்டது. லீட்ஸ் பல்கலைக்கழக உணவுக்கூடத்தில் 1970 பிப்ரவரி 14 அன்று நடந்த நிகழ்ச்சியைப் பூட்லெக் தட்டின் வேடத்திலேயே, ரப்பர் முத்திரை குத்தியது போன்ற எழுத்துகளோடு, பழுப்பு அட்டை உறையில் அது வெளியிட்டது. நடுச்சீட்டில் கையெழுத்தாக, கரகரப்பொலி இருப்பது சரியே, அதைத் திருத்த வேண்டாம் என்ற குறிப்பும் இருந்தது. மேடை நிகழ்ச்சியை இரண்டாந்தரச் சரக்காகக் கருதிவந்த நிறுவனங்கள் அதை முதன்மை வெளியீடாக ஏற்றது, கள்ளச் சந்தை அதற்கு வாங்குவோர் உண்டு என்று செலவின்றி நிறுவிக் காட்டிய பின்னரே.

அக்காலத் தட்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் அது செய்யப்பட்ட விதம் முழுவதும் வெளிப்படும். ஒலிநாடாவிலிருந்து அரக்குத் தட்டில் வரிகீறி, அதன்மேல் வெள்ளி பூசி, நிக்கல் படியவைத்து எடுக்கும் உலோக அச்சைக் கொண்டே வினைல் தட்டுகள் அழுத்தப்படும். ஆலைக்கு இது அன்றாட வேலை என்பதால், உள்ளே என்ன இசை என்று கேட்காத ஆலை கிடைத்தால் போதும். உறை அச்சிடுவதே அகப்பட்டுக்கொள்ளும் வேலை. ஆகவே வெள்ளை உறையில் ரப்பர் முத்திரையால் தலைப்பைக் குத்தி, பாட்டுகளின் பட்டியலை உருட்டச்சில் எடுத்த ஒற்றைத் தாளாகச் சுருக்கு உறைக்குள் செருகினர். பாட்டு முடிந்தபின் ஊசி சுற்றும் வெற்று வட்டத்தில் கையால் கீறிய எண்ணும் எழுத்துமே, எந்த அச்சிலிருந்து எது வந்தது என்று சேகரிப்பாளர் இன்றும் துப்புத் துலக்க உதவும் தடயங்கள். சில ஆண்டுகளில் கூச்சம் விலகி, 'டிரேட்மார்க் ஆஃப் குவாலிட்டி' என்று தன்னைத் தானே அழைத்துக்கொண்ட லாஸ் ஏஞ்சலிஸ் முத்திரை, பன்றிப் படத்தைச் சின்னமாகக்கொண்டு வண்ண வினைலில் தட்டுகளை வெளியிட்டது. ஓவியர் வில்லியம் ஸ்டவுட் அதற்கு உறைகள் வரைந்தார். சட்டத்துக்குப் புறம்பான ஒரு சரக்கு தன் தரத்துக்கென ஒரு வணிகச் சின்னத்தை வளர்த்துக்கொண்டது.

தரம் என்பது இங்கே எப்போதும் நம்பத்தக்கதன்று. பாடகரைவிடப் பக்கத்து இருக்கைக்காரர் தெளிவாகக் கேட்பதும், கருவியின் மின்கலம் தளர்ந்ததால் சுருதி ஏறியிறங்குவதும், நாளும் இடமும் தவறாகக் குறிக்கப்படுவதும் இத்தட்டுகளின் இயல்பு. பாப் டிலன் 1966 மே மாதம் மின்கிட்டாருடன் மேடையேறியபோது, பார்வையாளர் ஒருவர் அவரை யூதாஸ் என்று கூவி ஏசிய புகழ்பெற்ற நிகழ்ச்சி, பூட்லெக் தட்டுகளில் லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கின் பெயரால் உலகெங்கும் பரவியது. அது மே 17 அன்று மான்செஸ்டர் ஃப்ரீ டிரேட் அரங்கில் நடந்தது. கொலம்பியா நிறுவனம் தானே முறைப்படி பதிந்து முடக்கி வைத்திருந்த அந்தக் கச்சேரியை 1998இல் வெளியிட்டபோது, தவறென்று தெரிந்தும் ராயல் ஆல்பர்ட் அரங்கு என்ற பெயரையே மேற்கோள் குறிக்குள் இட்டு அச்சிட்டது. முப்பது ஆண்டுப் பிழையை நிறுவனத்தாலேயே தள்ள முடியவில்லை. அத்தட்டு வந்த வரிசையின் பெயரே 'பூட்லெக் தொடர்'. அது 1991இல் தொடங்கியது.

பதிவோர் எல்லோரும் விற்போர் அல்லர் என்பதையும் இங்கே பிரித்துக் காண வேண்டும். நடக்கக்கூடியவராயிருந்தும் சக்கர நாற்காலியில் அமர்ந்து, கனத்த நாகமிச்சி 550 கருவியை அதனடியில் மறைத்து லாஸ் ஏஞ்சலிஸ் ஃபோரம் அரங்குக்குள் கொண்டுசென்ற மைக் மில்லர்ட், லெட் செப்பலின் குழுவின் 1977 ஜூன் 21 நிகழ்ச்சியைப் பதிந்த விதம் இன்றும் வியக்கப்படுகிறது. தம் நாடாக்கள் தட்டாகி விலைபோவதை அவர் விரும்பவில்லை. அதே குழுவின் மேலாளர் பீட்டர் கிராண்ட், 1971இல் வான்கூவரில் இரைச்சல் அளவை சோதிக்க வந்தவர்களின் கருவியைக் கள்ளப்பதிவுக் கருவி என்று எண்ணி உடைத்தார் என்பதிலிருந்து எதிர்த்தரப்பின் பதற்றத்தை அளக்கலாம். கிரேட்ஃபுல் டெட் குழு இவ்விரண்டுக்கும் இடையே ஒரு வழி கண்டது. 1984 அக்டோபரில் பெர்க்லி நிகழ்ச்சியிலிருந்து பதிவோருக்கென்றே தனி இருக்கைப் பகுதியை ஒதுக்கி, பண்டமாற்று செய்யலாம், விற்கக் கூடாது என்ற நெறியை வகுத்தது. இலவசமாகக் கைமாறும் ஒன்றை விலைக்கு விற்பவருக்கு அங்கே வேலையில்லாமல் போயிற்று.

சட்டம் தன் ஓட்டைகளை மெல்லத்தான் அடைத்தது. 1972 பிப்ரவரி 15 முதல் நடைமுறைக்கு வந்த அமெரிக்கத் திருத்தம், அந்நாளுக்குப் பிறகு பதிவாகும் ஒலிக்குக் கூட்டாட்சிப் பதிப்புரிமை வழங்கியது. எனினும் நிறுவனமே பதிவு செய்யாத கச்சேரியில் காப்பதற்கு 'பதிவு' எதுவும் இல்லை என்பதால், பூட்லெக் தட்டின் மையமான சிக்கல் அப்படியே நின்றது. எல்விஸ் பிரெஸ்லியின் பூட்லெக் தட்டுகளை மாநில எல்லை கடத்திய வழக்கில், பதிப்புரிமையை மீறிய தட்டு 'களவுபோன பொருள்' ஆகாது என்று உச்சநீதிமன்றம் 1985இல் தீர்ப்பளித்தது. பதிப்புரிமையை மீறுவதும் பொருளைத் திருடுவதும் ஒன்றல்ல என்பது அதன் நிலை. மேடை நிகழ்ச்சியை இசைவின்றிப் பதிவதும் விற்பதும் அங்கே கூட்டாட்சிக் குற்றமானது 1994 டிசம்பரில்தான்.

இடைப்பட்ட காலத்தில் குறுந்தட்டு வந்தது, வணிகம் ஐரோப்பாவுக்குக் குடிபெயர்ந்தது. ஜெர்மனியச் சட்டம் தன் குடிமக்களின் நிகழ்ச்சிகளை அவை எங்கு நடந்தாலும் காத்தது; பிறநாட்டாருக்கோ, நிகழ்ச்சி ஜெர்மனியிலோ 1961ஆம் ஆண்டு ரோம் உடன்படிக்கையை ஏற்ற நாட்டிலோ நடந்திருந்தால்தான் காப்பு. அமெரிக்கா அவ்வுடன்படிக்கையில் சேரவில்லை. ஆகையால் பிரிட்டிஷ் பாடகர் பில் காலின்ஸ் 1983இல் கலிஃபோர்னியாவில் நிகழ்த்திய கச்சேரியைக் குறுந்தட்டாக்கி ஜெர்மனியில் விற்ற இம்ட்ராட் நிறுவனம், சட்டப்படியே விற்பதாக வாதாட முடிந்தது. ஐரோப்பிய நீதிமன்றம் 1993 அக்டோபர் 20 அன்று, உறுப்புநாட்டுக் குடிமக்களிடையே இவ்வாறு நாட்டுரிமை பார்த்துப் பாகுபடுத்துவது செல்லாது என்று கூறி அந்தக் கதவை மூடியது.

ஐரோப்பிய ஒன்றியம் 2011இல் ஒலிப்பதிவுகளின் காப்புக் காலத்தை 50 ஆண்டிலிருந்து 70 ஆண்டாக நீட்டியபோது ஒரு நிபந்தனை இருந்தது: முதல் 50 ஆண்டுக்குள் வெளியிடப்படாத பதிவுக்கு இந்த நீட்டிப்புக் கிடையாது. விடுதிக் கச்சேரிகளும் அடங்கிய 1962ஆம் ஆண்டின் டிலன் பதிவுகள் அக்கெடுவை நெருங்கியபோது, கொலம்பியாவின் தாய்நிறுவனமான சோனி 2012இன் இறுதியில் சுமார் 100 படிகளை மட்டும் ஐரோப்பாவில் வெளியிட்டது. நான்கு எழுதத்தக்க குறுந்தட்டுகள், அலங்காரமற்ற எளிய உறை, 'பதிப்புரிமை நீட்டிப்புத் தொகுப்பு' என்று வெளிப்படையாகவே பொருள்படும் துணைத்தலைப்பு. விளம்பரம் ஏதும் செய்யப்படவில்லை. மறு ஆண்டு, 1963ஆம் ஆண்டுப் பதிவுகளை அதே நிறுவனம் ஆறு வினைல் தட்டுகளாக, மீண்டும் சுமார் 100 படிகளே அச்சடித்து விற்றது.